நிறுக்காமல் விட்ட மீன்

மீனைப் பற்றி மீன்காரம்மாவுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது என்று மார்க்கெட்டில் எல்லோரும் சொல்வார்கள். அவள் அதையே இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வாள். அப்பேர்ப்பட்டவளை டிவிக்குள் நீந்துகிற ஒரு மீன் பேந்தப் பேந்த விழிக்க வைத்தது என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் நடந்தது அதுதான்.

அவளுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. ஈரத் தரையில் நாள் முழுக்க நிற்க முடியவில்லை. கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, தராசை மட்டும் பழைய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மாடி வீட்டில் தராசு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள். நிறுக்காமல் ஒரு மீன்கூட அவள் கையை விட்டுப் போனதில்லை. யாருக்காவது சும்மா கொடுப்பதாக இருந்தாலும் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் சும்மா கொடுப்பாள்.

அவள் தன் பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள் மகள் தன் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

மகளுக்குப் பல் செட் செய்கிற வேலை. மெழுகில் அச்செடுத்து, ஒவ்வொரு பல்லாக இழைத்து, போட்டுக்கொள்கிறவரே சொந்தப் பல் என்று நினைத்துக்கொள்ளும்படி செய்துவிடுவாள். வேறு ஊரில் ஒரு பெரிய லேபில் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். முதலில் கொஞ்ச நாள் வந்து பாருங்கள், பிடித்திருந்தால் அப்படியே தங்கிவிடலாம் என்றார்கள். "போகட்டுமா?" என்று அவள் புருஷனிடம் கேட்டாள். அவர் டிவியில் வீடியோ கேம் ஒன்றில் மீன் இழுத்துக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பாமல் "ம்" என்றார். மகள் கொஞ்ச நேரம் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு உள்ளே போய்த் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள்.

அவ்வளவுதான் சண்டை. ஒரு தட்டு பறக்கவில்லை, ஒரு குரல் உயரவில்லை. மீன்காரம்மா சண்டை என்றால் என்னவென்று அறிந்தவள். அவள் மார்க்கெட்டில் போட்ட சண்டைகளைக் கேட்பதற்கென்றே ஆட்கள் கையில் பையோடு நின்றுவிடுவார்கள். சத்தமே இல்லாத இந்தச் சண்டையை எந்தப் பக்கம் பிடித்து விலக்குவது என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

மருமகன் கெட்டவர் என்றால் அவளுக்கு வேலை சுலபமாகியிருக்கும். அவர் தங்கமானவர். லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டால் உள்ளே இருக்கிறவர்கள் கத்துவார்கள், கதவைக் குத்துவார்கள், சிலர் அழுவார்கள். இவர் வெளியே நின்று "இதோ வந்துட்டேன்" என்பாராம். அந்தக் குரலைக் கேட்டதுமே உள்ளே சத்தம் அடங்கிவிடுமாம். மகளே ஒரு காலத்தில் பெருமையாகச் சொன்னது அது. வேலையிடத்தில் அந்த ஒரு வார்த்தையைச் செலவு பண்ணிவிட்டு மிச்சமில்லாமல் வீட்டுக்கு வருகிறாரோ என்னவோ, இங்கே எல்லாவற்றுக்கும் "ம்"தான். சாப்பாடு போதுமா? ம். உப்பு தூக்கலா? ம். ஊருக்குப் போன பெண்டாட்டிக்கு ஒரு போன் போடக்கூடாதா? அதற்கு அந்த "ம்" கூட வராது. கை கழுவிவிட்டு வந்து டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

"அப்படி என்னதான் இருக்கு மாப்பிள்ளை அதுக்குள்ள?" என்று ஒருநாள் சாயங்காலம் கேட்டேவிட்டாள்.

"பாஸ்னு ஒரு மீனு, அத்தை. ஏரி மீனு. அதைப் பிடிக்கணும்."

"பிடிச்சுக்கிட்டுத்தானே இருக்கீங்க தினமும்?"

"இதெல்லாம் குட்டி. பெரியவர் ஒருத்தர் இருக்கார்." அவர் திரையைக் காட்டினார். பச்சைத் தண்ணீரில் ஒரு நிழல் மட்டும் அசைந்து போனது. "அவரைப் பிடிச்சுட்டா போதும். அப்புறம் இதை எடுத்து வச்சுடுவேன்."

அவர் ஒரே மூச்சில் அத்தனை வார்த்தை பேசி அவள் கேட்டதில்லை. அதனாலேயே அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஆக, இந்தக் குடும்பத்துக்கும் நிம்மதிக்கும் நடுவில் நிற்பது ஒரு மீன். மீன்தானே? மீன் வேண்டுமென்று கேட்டு அவளிடமிருந்து வெறுங்கையோடு போனவர் யாராவது உண்டா? அவர் வேலைக்குப் போகிற பகல் நேரத்தில் அந்தப் பெரியவரைத் தானே பிடித்து வைத்துவிடுவது, சாயங்காலம் அவர் வந்ததும் காட்டுவது, டிவியை அணைத்துவிட்டு போனை அவர் கையில் கொடுப்பது என்று முடிவு பண்ணினாள். மகள் வேறு போனில் சொல்லியிருந்தாள்: "வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும்மா. இருக்கேன்னா இருக்கேன், இல்லன்னா இல்ல. அவரு ஏதாவது சொன்னாரா?" அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

திங்கள்கிழமை மத்தியானம் அவள் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து, மருமகன் விளையாடுகிற அந்தக் கட்டையைக் கையில் எடுத்தாள். இரண்டு குமிழ், நாலைந்து பட்டன், பின்பக்கம் ஒளித்துவைத்த மாதிரி இன்னும் இரண்டு. எதைத் தொட்டால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. எதையோ தொட்டாள். படகு சீறிக்கொண்டு போய்க் கரையில் இருந்த மரத்தில் முட்டியது. வேறொன்றைத் தொட்டாள். தூண்டில் பறந்து போய் அதே மரத்தின் கிளையில் மாட்டியது. இழுத்தாள், தூண்டில் நரம்பு அறுந்தது. திரையில் தொப்பி போட்ட ஒருவன் இரண்டு கையையும் விரித்து உதட்டைப் பிதுக்கினான். "உன்னைப் பெத்தவங்களைச் சொல்லணும்" என்றாள் அவனிடம்.

அன்று சாயங்காலம் மருமகன் உட்கார்ந்ததும் அவளும் பருப்பு பொறுக்குகிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தாள். அதிசயம் என்னவென்றால் அவர் பதில் சொன்னார். பெண்டாட்டியைப் பற்றிக் கேட்டால் கல்லாக இருக்கிற மனுஷர் தூண்டிலைப் பற்றிக் கேட்டால் உருகி ஓடினார்.

"நடு ஏரியில போடக்கூடாது அத்தை. அங்க ஒண்ணும் இருக்காது. கோரைப்புல் ஓரம், அல்லி இலைக்கு அடியில, விழுந்து கிடக்கிற மரத்துக்குப் பக்கத்துல. நிழல்லதான் அது ஒளிஞ்சிருக்கும்."

"இரை?"

"ரப்பர் புழு."

"ரப்பரா? ரப்பரை எந்த மீனு திங்கும்?"

"திங்காது. தின்னுற மாதிரி நாம ஆட்டணும். கொஞ்சம் சுத்தணும், நிறுத்தணும். மறுபடி கொஞ்சம் சுத்தணும், நிறுத்தணும். சாகப்போற புழு மாதிரி தெரியணும். வெயில்ல ஆழமா விடணும். மேகமா இருந்தா மேலோட்டமா, பளபளன்னு சுத்துற தகட்டைப் போடணும்."

"தகட்டைத் திங்குமா?"

அவர் சிரித்தார். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் கேட்ட முதல் சிரிப்பு. ரப்பரையும் தகட்டையும் கவ்வுகிற மீனுக்கு மூளை எங்கே இருக்கும் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் சிரிப்புக்காக மறுநாளும் கேட்பது என்று வைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை படகைக் கோரைப்புல் ஓரமாக ஓட்டிக்கொண்டு போனாள். அங்கே ஏற்கனவே ஒரு பச்சைப் படகு நின்றது. அதற்குள்ளும் ஒரு தொப்பிக்காரி. படகுக்கு மேலே ஏதோ இங்கிலீஷ் எழுத்து மிதந்தது. அந்த எழுத்து அவளுக்கு வாசிக்க வராது. தொப்பிக்காரி தூண்டில் போடவும் இல்லை, நகரவும் இல்லை. சும்மா நின்றாள்.

பக்கத்துக் கடையில் ஆள் இருக்கும்போது பேசாமல் உட்காருவது மீன்காரம்மாவின் ரத்தத்திலேயே கிடையாது. எந்தப் பட்டன் என்று தேடி ஹாரனை அடித்தாள். பச்சைப் படகு ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு திரும்ப ஹாரன் அடித்தது, இரண்டு தடவை.

"பரவால்லையே, மரியாதை தெரிஞ்சவதான்" என்றாள்.

அன்றைக்கு அவளுக்கு ஒரு மீன் மாட்டியது. எப்படி என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. தொப்பிக்காரன் அதை வாயோரம் பிடித்துத் தூக்கிக் காட்டினான். குமிழைத் திருகினால் மீன் திரும்பியது. அவளுக்கு அது போதும். புரட்டினாள். கண்ணைப் பார்த்தாள், தெளிவாக இருந்தது. மறுபடி புரட்டிச் செவுள் பக்கத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்து, சோபாவிலிருந்து எழுந்து, மூக்கு டிவியில் முட்டுகிற தூரத்தில் நின்று பார்த்தாள். செவுள் சிவப்பாகத்தான் தெரிந்தது. தண்ணீரிலிருந்து இப்போதுதான் வந்த மீனுக்குச் செவுள் பார்ப்பானேன் என்று யாராவது கேட்கலாம். கை அப்படிப் பழகிவிட்டது, என்ன செய்வது?

அதற்கப்புறம் கீழே இரண்டு படம் வந்தது. ஒன்றில் தராசு, இன்னொன்றில் தண்ணீர். யோசிக்காமல் தராசை அமுக்கினாள். எடை வந்தது. வந்த கையோடு தொப்பிக்காரன் குனிந்து மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டான்! "அடப் பாவி! அடப் பாவி!" என்று அவள் கத்தியதில் எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது.

"நிறுத்துட்டு ஏன் மாப்பிள்ளை திரும்ப விடறான்?" என்று சாயங்காலம் கேட்டாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "நேத்து நீங்க ஆடும்போது பார்த்தேன்" என்று சேர்த்துக்கொண்டாள்.

"அப்படித்தான் அத்தை. எடை பார்த்துட்டு விட்டுடணும். எடை பார்க்கப் பிடிக்கலன்னா நேரா விட்டுடலாம்."

"அப்ப எதுக்குப் பிடிக்கிறது?"

அவர் நிஜமாகவே யோசித்தார். "பிடிக்கிறதுக்குத்தான்" என்றார் கடைசியில்.

அன்று சாப்பிடும்போது முழுக்க அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். விற்கவும் இல்லை, தின்னவும் இல்லை, பிடிப்பதற்காகவே பிடிப்பது. இதில் பைத்தியம் ரப்பரைத் தின்கிற மீனா, அதைப் பிடித்து விடுகிற மனுஷரா என்று அவளுக்குக் குழப்பமாக இருந்தது. அந்த வீட்டில் எல்லாமே தலைகீழாகத்தான் நடக்கும் போலிருந்தது. வேண்டியவளை ஊருக்கு அனுப்பிவிட்டு, வேண்டாத மீனைத் தேடுகிறார்கள்.

புதன்கிழமைக்குள் அவளுக்குக் கை கொஞ்சம் வசப்பட்டது. முதல் தட்டலுக்கே வெடுக்கென்று இழுக்கக்கூடாது. மீன் ருசி பார்க்கிறது என்று அர்த்தம். தூண்டில் கொம்பு வளைகிற வரைக்கும் பொறுக்கணும், அப்புறம்தான் மேலே தூக்கணும். நரம்புக்குப் பக்கத்தில் அது இறுகுவதைக் காட்டுகிற ஒரு கோடு ஏறும். சிவப்புக்குப் போனால் சுற்றுவதை நிறுத்தணும். மீன் இடப்பக்கம் ஓடினால் கொம்பை வலப்பக்கம் சாய்க்கணும். தண்ணீருக்கு மேலே துள்ளினால் கொம்பை உடனே தாழ்த்தணும், இல்லையென்றால் உதறிவிட்டுப் போய்விடும். எல்லாவற்றையும் சமையல் பண்ணும்போது மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டாள். கரண்டியை இடமும் வலமும் சாய்த்ததில் அடுப்பு மேடை முழுக்கக் குழம்பு.

ஒரே ஒரு பாடம்தான் அவளுக்கு ஏறவில்லை. "சத்தம் கூடாது அத்தை. பெரியவர் சத்தம் கேட்டா பக்கத்துலயே வரமாட்டார்." ஆனால் பச்சைப் படகு தினமும் அதே மூலையில் நிற்கும்போது ஹாரன் அடிக்காமல் எப்படி இருப்பது? இவள் ஒன்று அடிப்பாள், அது இரண்டு அடிக்கும். குட்டி மீன்கள் வந்தன. ஒவ்வொன்றையும் புரட்டி, செவுள் பார்த்து, நிறுத்து, வயிறெரிந்து விட்டாள். பெரியவரின் நிழல் தூரத்தில் தெரியும், ஹாரன் சத்தத்தில் காணாமல் போகும். தன் பிழைப்பைத் தானே கெடுத்துக்கொள்கிறோம் என்று தெரிந்தும் கை கேட்கவில்லை. அந்தத் தொப்பிக்காரி தனியாக நிற்பதைப் பார்க்க அவளுக்கு என்னவோ போலிருந்தது.

அன்று மகள் போன் பண்ணினாள்.

"ஏண்டி கெண்டை, சாப்பிட்டியா?" மகளை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். குளிப்பாட்டும்போது கையில் நிற்காமல் வழுக்கி வழுக்கி ஓடிய குழந்தை அது. வேறு யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. சொல்ல மகள் விட்டதும் இல்லை.

"சாப்பிட்டேன். நீ மத்தியானத்துல என்னம்மா பண்றே?"

"நானா? தூங்குவேன். வேற என்ன வேலை எனக்கு?"

அந்தப் பக்கம் மகள் ஏதோ இருமினாள். சிரிப்பு மாதிரியும் இருந்தது, அழுகை மாதிரியும் இருந்தது. "வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஞாபகம் இருக்கில்ல?" என்றாள். "அவரு இன்னும்..."

"சொல்லுவாரு. ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கு" என்று மீன்காரம்மா போனை வைத்தாள். வெள்ளிக்கிழமை தாண்டினால் மகள் அந்த ஊர்க்காரி. மருமகன் இந்த ஊர்க்காரர். தான் எந்த ஊர்க்காரி என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

"மாப்பிள்ளை, அந்தப் பச்சைப் படகு நிக்குதே, அதுக்குப் பின்பக்கம் போட்டா பெரியவர் மாட்டுவாரா?"

அவர் கையில் சுற்றிக்கொண்டிருந்த ரீல் நின்றது. திரையில் மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடியது, கோடு சிவப்புக்குப் போனது, அறுந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. அவள் பக்கம் திரும்பினார்.

"எந்தப் பச்சைப் படகு?"

திரையில் அவர் படகைத் தவிர வேறு படகு இல்லை. சாயங்கால ஏரி காலியாகக் கிடந்தது.

"அது... நான் தூசி தட்டும்போது டிவி தானா ஓடுச்சு. அப்ப பார்த்தேன்."

"எப்ப?"

"மத்தியானம்." குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"தினமுமா?"

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ம்" என்றாள். அந்த வீட்டு வியாதி அவளுக்கும் ஒட்டிக்கொண்டது. மருமகன் திட்டவில்லை. கட்டையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போய், துணி காயப்போடுகிற கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொடியில் அவருடைய நீலச் சட்டைகள் மட்டும் தொங்கின. சாப்பிடக் கூப்பிட்டபோது வந்தார், சாப்பிட்டார், படுத்தார். அவருடைய பொருளைக் கேட்காமல் தொட்டதற்குக் கோபம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். மகளைச் சேர்த்து வைக்கிறேன் பேர்வழி என்று மருமகனிடம் தன் பேரையும் கெடுத்துக்கொண்டாயிற்று.

வெள்ளிக்கிழமை அவர் வேலைக்குப் போகவில்லை.

"உடம்பு சரியில்லையா மாப்பிள்ளை?"

"இல்ல அத்தை."

"லிஃப்ட் ஒண்ணும் நிக்கலையா?"

"நின்னா வேற ஆள் பார்ப்பாங்க."

மணி ஏற ஏற அவள் கடிகாரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இருப்பது ஒரே ஒரு மத்தியானம். அதிலும் இந்த மனுஷர் வந்து சோபாவில் உட்கார்ந்துகொண்டால் அவள் எப்போது பிடிப்பது, எப்போது காட்டுவது? அவர் டிவியைப் போட்டார். படகை எடுத்தார். அவளுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே, தூரத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட்டுச் சத்தமில்லாமல் கோரைப்புல் மூலைக்குப் போய் நின்றார். தூண்டில் போடவில்லை. உட்கார்ந்திருந்தார்.

ஏரியில் ஒரு சலனமும் இல்லை. அவர் அசையவும் இல்லை. அவள் பருப்புத் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில், ஹாரன் சத்தம் இல்லாத அந்த அமைதியில், அல்லி இலைகளுக்கு அடியிலிருந்து ஒரு நிழல் வெளியே வந்தது. நீளமான, கனமான நிழல். படகுக்குப் பக்கத்திலேயே வந்து வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

"மாப்பிள்ளை! பெரியவர்!"

"ம்."

"ம்-மா? போடுங்க! புழுவைப் போடுங்க! அதோ நிக்கிறாரு பாருங்க, கை நீட்டினா எட்டும்!"

அவர் போடவில்லை. அவர் கண் மீனின் மேலேயே இல்லை. இந்த மனுஷருக்கு நிஜமாகவே மூளை கலங்கிவிட்டது என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. இத்தனை நாள் எதற்காகத் தவம் கிடந்தாரோ அது முன்னால் வந்து வாலாட்டுகிறது; இவர் கோரைப்புல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கட்டையைப் பிடுங்கிவிடலாமா என்று கை பரபரத்தது. மருமகனிடமிருந்து பிடுங்குவது எப்படி? தட்டிலிருந்த பருப்பை ஒரு பிடி பிடித்து இறுக்கிக்கொண்டாள்.

அப்போது பச்சைப் படகு வந்தது.

வழக்கமான இடத்துக்கு வந்து நின்றது. இவர் ஹாரன் அடிக்கவில்லை. அதுவும் அடிக்கவில்லை. இரண்டு படகும் பக்கத்தில் பக்கத்தில், இரண்டு பேரும் தூண்டில் போடாமல், சும்மா நின்றார்கள். மீன்காரம்மா இவரைப் பார்த்தாள், அதைப் பார்த்தாள். ஒன்றும் விளங்கவில்லை. மருமகனின் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. ஒரு மீனுக்காக அழுகிறாரா? மீன்தான் இங்கேயே நிற்கிறதே?

"மாப்பிள்ளை," என்று மெதுவாகக் கேட்டாள், "அந்தப் படகு மேல என்ன எழுதியிருக்கு?"

"கெண்டை" என்றார்.

அவள் கையிலிருந்த பருப்பு தட்டில் உதிர்ந்தது.

"ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஆடுவோம் அத்தை, வேலை முடிஞ்சு வந்து. எந்த ஊர்ல இருந்து ஆடினாலும் ஏரி ஒண்ணுதான். இந்த மூலை அவ மூலை. நீங்க கூப்பிடுற பேரை அவளே வச்சுக்கிட்டா." அவர் வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார். "போன பிறகு சாயங்காலமெல்லாம் வந்து பார்ப்பேன். வரமாட்டா. அங்க சாயங்காலமும் அவளுக்கு வேலை இருக்கும் போல, அது எனக்குத் தோணல. மத்தியானம் வருவான்னு நான் நினைக்கவே இல்ல."

"அப்ப பெரியவரு?"

"அவரு கிடக்கட்டும். எப்ப பாத்தாலும் டிவி முன்னால உக்காந்திருக்கேன்னு கேட்டீங்க. என்ன சொல்றதுன்னு தெரியல, அதான் மீனைச் சொன்னேன்."

அவளுக்கு மூன்று நாள் ஹாரன் சத்தமும் காதில் ஒன்றாக அடித்தது. தான் பெற்ற பெண்ணைப் பார்த்துத்தான் மரியாதை தெரிந்தவள் என்று சொல்லியிருக்கிறாள்! சிரிப்பதா, இந்த இரண்டையும் சேர்த்து வைத்துச் சாத்துவதா என்று அவள் முழித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அவருடையது இல்லை. அவளுடையது.

"அம்மா, அங்க யாரு இருக்கா?" மகள்தான். "இத்தனை நாளா வந்தது நீதான்னு எனக்குத் தெரியும். முதல் நாள் ஹாரன் அடிச்சப்ப அவருன்னு நினைச்சு எனக்கு மூச்சே நின்னுடுச்சு. அப்புறம் மீனை எடுத்துப் புரட்டினே. செவுளைப் பார்த்தே. டிவி மீனுக்குச் செவுள் பார்க்கிற ஆளு உலகத்துல நீ ஒருத்திதான்மா. சாப்பாட்டு நேரத்துல லேப் கம்ப்யூட்டர்ல ஆடிக்கிட்டு, எல்லார் முன்னாடியும் அழுதுக்கிட்டே சிரிச்சேன். இன்னிக்கு வந்தவரு தூண்டிலே போடல. பக்கத்துல சும்மா நிக்கிறாரு. அது யாரும்மா?"

"நீயே கேளு" என்றாள் மீன்காரம்மா. போனை மருமகன் பக்கம் நீட்டினாள். அதை வாங்கக் கை வேண்டுமே. அவர் கட்டையை அவள் மடியில் வைத்துவிட்டுப் போனை வாங்கினார். எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

போனைக் காதில் வைத்தார். "ம்" வரப்போகிறது என்று அவள் பயந்தாள். இந்தத் தடவை "ம்" என்றால் மாப்பிள்ளை என்றும் பார்க்கமாட்டாள், தராசுக் கல்லை எடுத்து எறிந்துவிடுவாள்.

"அந்த ஊர்லயும் லிஃப்ட் இருக்குமில்ல?" என்றார் அவர்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நான் அன்னிக்குத் திரும்பிப் பார்த்திருக்கணும். பார்த்தா போகாதேன்னு சொல்லிடுவேனோன்னு பயமா இருந்துச்சு. அதான் பார்க்கல." மூச்சு விட்டுக்கொண்டார். "நீ இருக்கேன்னு சொல்லிடு அவங்ககிட்ட. ஆமா, அத்தையும்தான். தராசும்தான். நீ சொல்லிடு, அழாதே. இதோ வந்துட்டேன்."

மீன்காரம்மாவுக்குக் கண் மறைத்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரையைப் பார்த்தாள். என்ன செய்வதென்று தெரியாத கை தனக்குத் தெரிந்ததைச் செய்தது. புழுவை அல்லி இலை ஓரமாக எறிந்தது. கொஞ்சம் சுற்றினாள், நிறுத்தினாள். ஒரு தட்டல். இழுக்கவில்லை. இன்னொரு தட்டல். பொறுத்தாள். கொம்பு வில்லாக வளைந்தது, தூக்கினாள். இடப்பக்கம் ஓடியது, வலப்பக்கம் சாய்த்தாள். கோடு சிவந்தது, விட்டுப் பிடித்தாள். துள்ளியது, தாழ்த்தினாள். ஜன்னலோரம் மருமகன் ரயில் நேரம் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். ஒருவாறாகத் தொப்பிக்காரன் இரண்டு கையாலும் தூக்க முடியாமல் தூக்கிக் காட்டினான்.

பெரியவர்தான். அவள் புரட்டினாள். கண் தெளிவு. செவுள் ரத்தச் சிவப்பு. மார்க்கெட்டில் இப்படி ஒன்று வந்தால் வாசல் வரைக்கும் வரிசை நிற்கும்.

கீழே இரண்டு படம் வந்தது, தராசும் தண்ணீரும். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மருமகன் பேசிக்கொண்டிருந்தார், அத்தனை நாளும் சேர்த்து வைத்த பேச்செல்லாம் பேசிக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் காட்டினால் போனை வைத்துவிடுவார்.

அவள் தண்ணீர்ப் படத்தை அமுக்கினாள்.